டிரம்பெட்டின் முதல் கணம்: மின்னணுக் கருவிகள் பிற வாத்தியங்களின் குரலைக் கற்ற வரலாறு

வீணையிலும் வயலினிலும் புல்லாங்குழலிலும் ஒரே ஸ்தாயியின் பஞ்சமத்தை ஒரே உரப்பில் ஒலிக்கச் செய்தாலும், கண்ணை மூடிக் கேட்பவர் எது எந்தக் கருவி என்பதைத் தயங்காமல் சொல்லிவிடுவார். சுருதியும் உரப்பும் ஒத்திருக்கும்போதும் ஒரு கருவியை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் இந்த மூன்றாவது கூற்றினை இயற்பியல் பாடநூல்கள் ஒலியின் பண்பு என்று குறிப்பிடுகின்றன. மின்சாரத்தைக் கொண்டு பிற வாத்தியங்களின் குரலை உண்டாக்க முயன்ற ஒவ்வொருவரும், அறிந்தோ அறியாமலோ, இந்தப் பண்பு எங்கே உறைகிறது என்ற கேள்விக்குத் தம் விடையை ஒரு கருவியாகக் கட்டிக் காட்டினர். ஆகவே மின்னணு இசைக்கருவிகளின் வரலாற்றை அந்த விடைகள் அடுத்தடுத்துத் திருத்தப்பட்ட வரலாறாகவே படிக்க இயலும். முதல் விடை கணித அழகு மிக்கதாக இருந்தும் பாதியளவே சரியாக இருந்தது; மறுபாதி தெளிவாக ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆயின.

அந்த முதல் விடையின் வேர் இசையில் இல்லை. வெப்பம் பரவும் முறையை ஆராய்ந்த பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஜோசப் ஃபூரியே 1822-இல் வெளியிட்ட நூலில் இருக்கிறது. சீராகத் திரும்பத் திரும்ப வரும் எந்த அலையையும், அதன் வடிவம் எத்தனை சிக்கலாக இருந்தாலும், சைன் அலை எனப்படும் எளிய அலைகள் பலவற்றின் கூட்டாக எழுதிவிடலாம் என்பது அவர் காட்டிய உண்மையாகும். மின்தடை விதியால் பெயர் பெற்ற கேயோர்க் ஓம், செவியும் சிக்கலான ஒலியை இவ்வாறே எளிய கூறுகளாகப் பிரித்துக் கேட்கிறது என்ற கருத்தை 1843-இல் முன்வைத்தார். இவ்விரண்டையும் இணைத்து ஒரு முழுக் கொள்கையாக வளர்த்தவர் ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் ஃபொன் ஹெல்ம்ஹோல்ட்ஸ். இசையொலி உணர்வு பற்றி அவர் 1863-இல் வெளியிட்ட பெருநூலின்படி, ஒரு கருவி நொடிக்கு 200 முறை அதிரும் சுரத்தை எழுப்பும்போது 400, 600, 800 என்ற மடங்குகளில் மேற்சுரங்களும் உடன் எழுகின்றன. அந்த மேற்சுரங்களில் எவை எவ்வளவு வலிவுடன் இருக்கின்றன என்பதே அக்கருவியின் பண்பை முடிவு செய்கிறது. கோள வடிவ ஒத்ததிர்விகளைக் காதில் பொருத்தி மேற்சுரங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கேட்ட அவர், மின்காந்தங்களால் இடைவிடாது அதிரவைக்கப்பட்ட இசைக்கவைகளை ஒன்றாக ஒலிக்கச் செய்து உயிரெழுத்துகளின் ஒலியைச் செயற்கையாகவும் உருவாக்கினார். ஒலி தொடங்கும் விதமும் அடங்கும் விதமும் கருவிக்குக் கருவி வேறுபடுவதை அவர் அறிந்தே இருந்தார். ஆயினும் நிலையாக ஒலிக்கும் நடுப்பகுதியே இசைக்குரிய பண்பின் இருப்பிடம் எனக் கருதி, மற்றவற்றைத் தம் ஆய்வின் எல்லைக்கு வெளியே நிறுத்தினார். ஒரு விஞ்ஞானி தம் வசதிக்காக வகுத்துக்கொண்ட அந்த எல்லையைப் பின்வந்த பொறியாளர்கள் இயற்கையின் எல்லையாகவே எடுத்துக்கொண்டனர்.

அவர்களில் முதன்மையானவர் அமெரிக்கரான தாடியஸ் கேஹில். 1897-இல் அவர் பெற்ற காப்புரிமை, மின்னாக்கிகள் தோற்றுவிக்கும் மாறுதிசை மின்னோட்டங்களைத் தேவையான விகிதங்களில் கலந்து, தொலைபேசிக் கம்பிகள் வழியே வீடுகளுக்கும் உணவு விடுதிகளுக்கும் இசையாக அனுப்பும் திட்டத்தை விவரிக்கிறது. டெல்ஹார்மோனியம் எனப்பட்ட அந்த இயந்திரத்தின் இரண்டாம் வடிவம் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஹோலியோக் நகரில் கட்டப்பட்டு 1906-இல் நியூயார்க்குக்குக் கொண்டுவரப்பட்டது. அதன் எடை ஏறத்தாழ 200 டன். ஒலியைப் பெருக்கும் சாதனம் எதுவும் அப்போது பயன்பாட்டில் இல்லாததால், நகரெங்கும் உள்ள கேட்பான்களை இயக்கும் ஆற்றல் முழுவதையும் இயந்திரமே மூலத்திலிருந்து உற்பத்தி செய்ய வேண்டியிருந்தது என்பதே இவ்வளவு பருமனுக்குக் காரணமாகும். வாசிப்பவர் மேற்சுரங்களின் அளவைக் கூட்டியும் குறைத்தும் புல்லாங்குழல், கிளாரினெட், செல்லோ போன்ற குரல்களை வரவழைத்தார். அந்த வலிய மின்னோட்டம் பக்கத்துக் கம்பிகளில் கசிந்து சாதாரணத் தொலைபேசி உரையாடல்களுக்கு இடையூறு செய்தது. சந்தாதாரர்களும் போதிய அளவில் சேரவில்லை. நியூயார்க் நிறுவனம் 1908-க்குள் நின்றுபோயிற்று. டெல்ஹார்மோனியத்தின் ஒலிப்பதிவு ஒன்றுகூட இன்று எஞ்சவில்லை.

மின்னொலியைப் பெருக்கும் வெற்றிடக் குழாய் பரவிய பிறகு, கேஹிலின் அதே எண்ணத்தை ஒரு மேசையின் அளவுக்குள் அடக்குவது எளிதாயிற்று. சிகாகோவைச் சேர்ந்த லாரன்ஸ் ஹாம்மண்ட் 1935-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஆர்கனில், விளிம்பு பற்களாக வெட்டப்பட்ட 91 சிறு உலோகச் சக்கரங்கள் காந்தங்களுக்கு அருகே சுழன்று, ஏறத்தாழத் தூய சைன் அலைகளைத் தோற்றுவித்தன. வாசிப்பவர் கைக்கு எட்டும் தொலைவில் இருந்த ஒன்பது இழுவைத் தண்டுகள் ஒவ்வொன்றும் ஒரு மேற்சுரத்தின் அளவைக் கட்டுப்படுத்தியதால், ஹெல்ம்ஹோல்ட்ஸின் கொள்கையை வாசிப்பவரே விரல்களால் இயக்கிப் பார்க்க முடிந்தது. பல எளிய அலைகளைக் கூட்டிச் சிக்கலான ஒலியை ஆக்கும் இந்த வழி, கூட்டுமுறைத் தொகுப்பு என்று அழைக்கப்படுகிறது. ஆயினும் ஒவ்வொரு கட்டைக்கும் தனித்தனிச் சக்கரத் தொகுதி வைத்தால் செலவு கட்டுப்படியாகாது என்பதால், ஒரு சுரத்தின் மேற்சுரத்தை வேறொரு கட்டையின் சக்கரத்திலிருந்து கடன் வாங்கும் உபாயத்தை ஹாம்மண்ட் கையாண்டார். அந்தக் கட்டைகள் ஸ்தாயியைப் 12 சம பாகங்களாகப் பிரிக்கும் மேற்கத்திய முறைப்படி சுருதி சேர்க்கப்பட்டவை ஆகையால், கடன் வாங்கிய மேற்சுரங்களுள் சில இயற்கையான மடங்கிலிருந்து சற்றே விலகி நின்றன.

இந்த ஆர்கன் குழாய் ஆர்கனின் எல்லாக் குரல்களையும் தரும், அதன் ஒலிவண்ணங்களுக்கு எல்லையே இல்லை என்ற பொருள்படச் செய்யப்பட்ட விளம்பரங்களைக் குறித்து அமெரிக்கக் கூட்டரசு வணிக ஆணையம் வழக்குத் தொடர்ந்தது. விசாரணையின்போது சிகாகோ பல்கலைக்கழகத்தின் ராக்ஃபெல்லர் தேவாலயத்தில் ஒரு சோதனை நடத்தப்பட்டது: மறைவில் வைத்து ஒருமுறை ஹாம்மண்டும் ஒருமுறை பெரும்பொருட்செலவில் கட்டப்பட்ட குழாய் ஆர்கனும் ஒலிக்க, இசை வல்லுநர்களும் மாணவர்களும் எது எது என்று எழுதித்தர வேண்டும். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விடைகள் தவறாக அமைந்தன. ஆணையம் 1938-இல் மிகையான விளம்பர வாசகங்களைக் கைவிடும்படி உத்தரவிட்டபோதிலும், அந்த மூன்றில் ஒரு பங்கு தவறு நிறுவனத்துக்குப் பெரிய விளம்பரமாகவே அமைந்தது. செயற்கைக் குரல் அசலுக்கு எவ்வளவு அருகில் வருகிறது என்பதை மனிதச் செவிகளைக் கொண்டே அளந்து, அதன்மேல் சட்டத்தீர்ப்பு வழங்கிய நிகழ்ச்சி என்ற வகையில், இந்த வழக்கு இசை வரலாறுகளில் இன்னும் விரிவான இடம் பெறத்தக்கது. குழாய் ஆர்கனை ஒரு குழலூதியைப்போல் ஊதிக் கட்டுப்படுத்த இயலாது. காற்று திறந்தால் ஒலிக்கும், மூடினால் நிற்கும். மற்ற வாத்தியங்களை விட மாற்றமின்றி ஒலிக்கும் அக்கருவியைப் போலச் செய்ததால்தான் ஹாம்மண்ட் மூன்றில் ஒரு பங்கு வெற்றியையேனும் பெற முடிந்தது. அதே ஹாம்மண்ட் ஆர்கனில் கட்டையை அழுத்தும் கணத்தில் மின்தொடுமுனைகள் சேர்வதால் எழுந்த மெல்லிய சொடுக்கொலியைப் பொறியாளர்கள் குறையென்று நீக்க முயன்றனர்; ஜாஸ் கலைஞர்களோ அதுவே வாசிப்புக்கு உயிர் தருவதாகக் கூறி விரும்பினர்.

நிலையான நடுப்பகுதியில்தான் ஒரு கருவியின் அடையாளம் இருக்கிறது என்ற நம்பிக்கையை அசைக்கும் சான்றுகள் ஹாம்மண்டுக்கு முன்பே கிடைத்திருந்தன. ஜெர்மானிய உளவியலாளர் கார்ல் ஸ்டும்ஃப், ஒலி தொடங்கும் கணம் கேட்பவர் காதில் விழாதபடி மறைத்து நடுப்பகுதியை மட்டும் கேட்கச் செய்தபோது, தேர்ந்த செவிகளும் ஒரு கருவியை மற்றொன்றாக மயங்கிக் கொண்டன என்பதை 1920-களில் பதிவு செய்தார். 1948-இல் பாரிஸ் வானொலியில் பணிபுரிந்த பியேர் ஷெஃபேர், மணியோசையின் ஒலிப்பதிவில் நா மோதும் முதல் கணத்தை வெட்டி நீக்கிவிட்டு எஞ்சியதை ஒலிக்கச் செய்து, அது மணியாகவே கேட்கவில்லை என்பதைக் கண்டார்.

இவற்றுக்கெல்லாம் இணையாக வைத்துப் பேசத்தக்கவை கல்கத்தாவில் நடந்த ஆய்வுகள். திருச்சிராப்பள்ளியில் பிறந்து, கல்கத்தாவின் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் ஒலியியலை ஆராய்ந்துவந்த சி. வி. ராமன், 1921-இல் வெளியிட்ட கட்டுரையில் தம்புராவையும் வீணையையும் எடுத்துக்கொண்டார். ஒரு தந்தியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ, அந்த இடத்தில் அசைவற்ற புள்ளியைக் கொண்ட மேற்சுரங்கள் ஒலிக்கக் கூடாது என்பது தாமஸ் யங்கும் ஹெல்ம்ஹோல்ட்ஸும் நிறுவிய விதி. தம்புராவிலோ அத்தகைய மேற்சுரங்களும் ஒலிக்கின்றன, வலுவாகவே ஒலிக்கின்றன என்று ராமன் காட்டினார். வளைந்த பரப்புடைய குதிரையும், அதன்மேல் தந்திக்கு அடியில் செருகப்படும் ஜீவா எனும் நூலும் சேர்ந்து, தந்தி ஒவ்வொரு அதிர்விலும் குதிரையின் பரப்பை உரசி விலகும்படி செய்வதே அதற்குக் காரணமாகும். மீட்டிய பிறகு மேற்சுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தலைதூக்கி மறைவதுதான் தம்புராவின் நாதம். எந்தக் கணத்தில் எடுத்துப் பார்த்தாலும் அதன் கலவை முந்தைய கணத்தின் கலவையாக இருப்பதில்லை. இதற்கு ஓராண்டு முன்பு, சிவகாளி குமாருடன் சேர்ந்து நேச்சர் இதழில் அவர் வெளியிட்ட குறிப்பு மிருதங்கத்தைப் பற்றியது. சாதாரணத் தோல் பறையின் அதிர்வுகள் முழுமடங்கு விகிதத்தில் அமையாததால் அது சுரமாகக் கேட்பதில்லை. வலந்தலையின் நடுவே இடப்படும் கரணை தோலின் எடைப்பரவலை மாற்றி அந்த அதிர்வுகளை இசைவான மேற்சுரங்களாக ஆக்கிவிடுகிறது. 1934-இல் இதை விரிவாக எழுதிய ராமன், தோலின் முதல் ஒன்பது அதிர்வு முறைகள் ஐந்து இசைச் சுரங்களாகத் தொகுப்புறுகின்றன என்பதை விளக்கினார். பொருளின் உடலமைப்பிலிருந்தே ஒலிப்பண்பைக் கணித்துச் சொல்லும் இந்த அணுகுமுறை, பிற்காலத்தில் மின்னணுத் தொகுப்பின் மிக நுட்பமான கிளையாக வளரப்போவதற்கு முன்னோடியாக நின்றது.

மின்னணுக் கருவிகள் தம் பங்குக்கு வேறொரு வழியில் முன்னேறின. ரஷ்யரான லெவ் தெரமின் 1920-ஐ ஒட்டி உருவாக்கிய, தொடாமல் கையைக் காற்றில் அசைத்து வாசிக்கும் கருவியும், பிரான்சின் மோரிஸ் மார்த்தனோ 1928-இல் அரங்கேற்றிய கருவியும் பிற வாத்தியங்களைப் போலச் செய்வதை முதன்மை நோக்கமாகக் கொள்ளாததால் இங்கே பெயரளவில் சுட்டினால் போதும். 1930-இல் பெர்லினில் ஃப்ரீட்ரிக் டிராட்வைன் அமைத்த டிராட்டோனியம், முதலிலேயே மேற்சுரங்கள் நிறைந்த அலையொன்றைத் தோற்றுவித்து, அதிலிருந்து வேண்டாதவற்றை வடிகட்டியால் நீக்கியது. கூட்டுமுறைக்கு நேரெதிரான இந்தக் கழித்தல்முறையே அடுத்த அரை நூற்றாண்டின் பெருவழியாயிற்று. இரம்பப் பல்லைப்போல் மெல்ல ஏறிச் சட்டென விழும் அலையில் எல்லா மேற்சுரங்களும் உண்டு; சதுர வடிவ அலையில் ஒற்றைப்படை மடங்குகள் மட்டும் உண்டு; கிளாரினெட்டின் கீழ்ஸ்தாயி ஒலியிலும் ஒற்றைப்படை மேற்சுரங்களே ஓங்கியிருப்பதால், சதுர அலையைச் சிறிது வடிகட்டினாலே கிளாரினெட்டின் சாயல் வந்துவிடுகிறது.

கழித்தல்முறைக்கு இசைக்கலைஞரின் கைக்கு அடங்கும் உருவத்தைக் கொடுத்தவர் நியூயார்க் மாநிலத்தின் ட்ரூமன்ஸ்பர்க்கில் பட்டறை வைத்திருந்த ராபர்ட் மூக். இசையமைப்பாளர் ஹெர்பர்ட் டாய்ச்சுடன் சேர்ந்து அவர் 1964-இல் அமைத்த சிந்தசைசரில், அலையியற்றியின் அதிர்வெண், வடிகட்டியின் எல்லை, ஒலியின் உரப்பு ஆகிய அனைத்தையும் மின்னழுத்தத்தாலேயே கட்டுப்படுத்த முடிந்தது; ஒரு வோல்ட் கூடினால் சுருதி ஒரு ஸ்தாயி மேலே செல்லும். மின்னழுத்தம் கணத்துக்குக் கணம் மாறக்கூடியது ஆகையால் ஒலியும் கணத்துக்குக் கணம் மாறக்கூடியதாயிற்று. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் விளாடிமிர் உசாசெவ்ஸ்கி வகுத்துக்கொடுத்த நான்கு கட்ட அமைப்பு இன்றுவரை பெரும்பாலான சிந்தசைசர்களில் தொடர்கிறது: ஒலி எழும்பும் வேகம், எழும்பிய உச்சத்திலிருந்து இறங்கும் வேகம், கட்டையை அழுத்தியிருக்கும்வரை நிலைக்கும் அளவு, விட்டபின் அடங்கும் வேகம். இவை சேர்ந்த வடிவரைவைக் கலைஞர்கள் என்வலப் என்கின்றனர். ஹெல்ம்ஹோல்ட்ஸ் எல்லைக்கு வெளியே நிறுத்திய தொடக்கமும் முடிவும் இவ்வாறு கருவியின் முகப்பிலேயே குமிழ்களாக இடம்பெற்றன. வெண்டி கார்லோஸ் 1968-இல் வெளியிட்ட பாக்கின் படைப்புகள் அடங்கிய இசைத்தட்டு இதன் ஆற்றலை உலகுக்கு அறிவித்தது. மறு ஆண்டிலேயே அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கும் ஒரு மூக் சிந்தசைசர் வந்து சேர்ந்தது.

ஆயினும் கேள்விக்குத் துல்லியமான விடை ஆய்வகத்திலிருந்தே வந்தது. நியூஜெர்சியில் இருந்த பெல் ஆய்வகத்தில் மேக்ஸ் மேத்யூஸ் 1957-இல் ஐபிஎம் 704 கணினிக்கு எழுதிய நிரல், எண்களின் வரிசையை ஒலியாக மாற்றியது. எண்களால் எந்த ஒலியையும் எழுத முடியும். எந்த எண்களை எழுதினால் டிரம்பெட் கேட்கும் என்பதுதான் எவருக்கும் தெரியவில்லை. பாடநூல்கள் தந்த மேற்சுர அளவுகளை அப்படியே இட்டுத் தொகுத்தபோது பித்தளையின் சாயலற்ற, மின்சார ஆர்கன் போன்ற ஒலிதான் கிடைத்தது. 1964-இல் பிரான்சிலிருந்து அங்கே வந்த இயற்பியலாளரும் இசையமைப்பாளருமான ஷான்-குளோத் ரிஸே, உண்மையான டிரம்பெட் சுரங்களைப் பதிவு செய்து, ஒவ்வொரு மேற்சுரமும் நேரத்தோடு எவ்வாறு மாறுகிறது என்பதைத் தனித்தனியாக அளந்தார். மேற்சுரங்கள் ஒரே நேரத்தில் எழுவதில்லை; முதலில் தாழ்ந்தவையும் பின்னர் உயர்ந்தவையும் எழுகின்றன; இந்த ஏற்றம் முழுவதும் நொடியின் மிகச் சிறிய பகுதிக்குள் நடந்து முடிகிறது. ஊதுபவர் உரக்க ஊத ஊத எல்லா மேற்சுரங்களும் ஒரே விகிதத்தில் வளராமல், உயர்ந்தவை கூடுதலாக வளர்கின்றன. சுருதியும் அசையாமல் நிற்பதில்லை. ஒழுங்கற்ற, மிக நுண்ணிய நடுக்கம் அதில் உண்டு. ஒவ்வொரு மேற்சுரத்தின் மாற்றத்தையும் சில நேர்கோடுகளாக எளிமைப்படுத்தி அவர் தொகுத்த ஒலியைக் கேட்டவர்களால் அசலிலிருந்து பிரித்தறிய இயலவில்லை.

1966-இல் வெளியான இந்த ஆய்வின் முக்கியத்துவத்தை எத்தனை வலியுறுத்தினாலும் தகும். டிரம்பெட்டை அடையாளம் காட்டுவது மேற்சுரங்களின் பட்டியல் அன்று. உரப்புக்கும், உயர்ந்த மேற்சுரங்கள் மிகுவதால் வரும் ஒளிர்வுக்கும் இடையே அக்கருவி காக்கும் உறவே அதன் அடையாளம் என்பதை ரிஸே நிறுவினார். உரப்பு எப்படி மாறினாலும் அந்த உறவு மாறாதவரை செவி அதை டிரம்பெட் என்றே ஏற்கிறது. பண்பு என்பது அளவில் உள்ளது என்ற கருத்து விலகி, மாற்றத்தின் விதியில் உள்ளது என்ற கருத்து அங்கே வேரூன்றிற்று.

அந்த விதியை மலிவாக நடைமுறைப்படுத்தும் வழி கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சவ்னிங் என்ற இசையமைப்பாளரின் கையில் 1967-இலேயே கிடைத்திருந்தது. சுரத்தின் அதிர்வெண்ணை நொடிக்கு ஐந்தாறு முறை சிறிதளவு கூட்டிக் குறைத்தால் பாடகரின் குரல் நடுக்கம் போன்ற அசைவு கேட்கும். அந்த அசைவின் வேகத்தை நொடிக்கு நூற்றுக்கணக்கான முறையாகவும், அதன் அகலத்தைப் பெரிதாகவும் ஆக்கிப் பார்த்த சவ்னிங்குக்கு அசைவு மறைந்து புதியதோர் ஒலிப்பண்பு கேட்டது. வானொலி ஒலிபரப்பில் பயன்படும் அதிர்வெண் பண்பேற்றமே இது. இங்கே இரு அலைகளும் கேட்கும் எல்லைக்குள் இருப்பதுதான் வேறுபாடு. ஏற்கும் அலை, ஏற்றும் அலை என்ற இரண்டின் அதிர்வெண்கள் எளிய முழுஎண் விகிதத்தில் இருந்தால் முறையான மேற்சுரங்கள் பிறக்கும். விகிதம் அவ்வாறு அமையாவிட்டால் மணியும் உலோகமும் போன்ற ஒலிகள் பிறக்கும். ஏற்றத்தின் அளவைக் கூட்டினால் மேற்சுரங்கள் பெருகும், குறைத்தால் சுருங்கும். ரிஸேயின் டிரம்பெட் முடிவுகளை நினைவுகூர்ந்த சவ்னிங், ஏற்றத்தின் அளவை ஒலியின் உரப்போடு சேர்ந்து ஏறி இறங்கும்படி 1971-இல் இணைத்தபோது, இரண்டே அலைகளிலிருந்து பித்தளைக் கருவியின் குரல் எழுந்தது. கூட்டுமுறையில் இதற்குப் பல அலையியற்றிகளும், ஒவ்வொன்றுக்கும் தனி வடிவரைவும் தேவைப்பட்டிருக்கும்.

1973-இல் கட்டுரையாக வெளிவந்த இந்த முறையை அமெரிக்க ஆர்கன் நிறுவனங்கள் ஏற்கவில்லை. ஜப்பானின் யமஹா நிறுவனமே அதன் பயனை உணர்ந்து உரிமம் பெற்றது. 1977-இல் ஸ்டான்ஃபோர்டுக்குக் கிடைத்த காப்புரிமை, பின்னாளில் 2 கோடி டாலருக்கும் மேல் ஈட்டித்தந்து, அப்பல்கலைக்கழகத்தின் மிக ஆதாயமான கண்டுபிடிப்புகளுள் ஒன்றாயிற்று. 1983-இல் யமஹா வெளியிட்ட டிஎக்ஸ்7 கீபோர்டில் ஒவ்வொரு சுரத்துக்கும் ஆறு அலையியற்றிகளும், அவற்றை இணைக்க 32 முறைகளும், ஒரே நேரத்தில் 16 சுரங்கள் ஒலிக்கும் திறனும் இருந்தன. அதன் புகழ்பெற்ற மின் பியானோக் குரலில், சுத்தியல் உலோகத்தைத் தொடும் முதல் கணத்தின் ஒலிக்கென்றே சில அலையியற்றிகள் ஒதுக்கப்பட்டிருந்தன. கட்டையை ஓங்கி அடித்தால் உரப்போடு ஒளிர்வும் கூடியது. டிரம்பெட்டை அளந்த ஆய்வகத்தின் முடிவு, இருபது ஆண்டுகளுக்குள் உலகெங்கும் உள்ள ஒலிப்பதிவுக் கூடங்களில் விரல் நுனிக்கு வந்து சேர்ந்தது.

ஒலியை ஆராய்ந்து தொகுப்பதைவிட, அசல் கருவியின் ஒலியையே பதிந்துவைத்துக் கட்டையை அழுத்தும்போது திரும்ப ஒலிக்கச் செய்வது எளிதல்லவா என்ற எண்ணமும் இதற்கிடையே வளர்ந்துகொண்டிருந்தது. 1963-இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் உருவான மெல்லோட்ரானில் ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு காந்த நாடாத் துண்டு இருந்தது; அது சுமார் எட்டு நொடிகளில் முடிந்துவிடும், பிறகு கட்டையை விட்டு மீண்டும் அழுத்த வேண்டும். வயலின் கலைஞர்களின் பிழைப்பு போய்விடும் என்று பிரிட்டனின் இசைக்கலைஞர் சங்கம் அப்போதே அஞ்சியது; திரையிசை வாத்தியக்குழுக்கள் பிற்காலத்தில் சுருங்கிய கதையை அறிந்த தமிழ் வாசகர்கள் அந்த அச்சத்தை வீணென்று தள்ளமாட்டார்கள். சிட்னியில் பீட்டர் வோகலும் கிம் ரைரியும் 1979-இல் வெளியிட்ட ஃபேர்லைட் நாடாவை விட்டு எண்களுக்கு மாறியது. ஒலியலையின் உயரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து எண்களாகச் சேமிக்கும் இந்த முறையைச் சாம்ப்ளிங் என்கின்றனர். 1981-இல் எமுலேட்டரும், 1984-இல் பியானோவின் குரலை முதன்மையாகக் கருதிய கர்ஸ்வைல் 250-உம் தொடர்ந்தன.

பதிவு எவ்வளவு துல்லியமாயினும் அது ஒரு கணத்தின் பதிவே. ஒரு சுரத்தைப் பதிந்து அதையே வேகமாக ஒலிக்கச் செய்து மேற்சுருதிக்கு உயர்த்தினால், தொடக்கக் கணமும் சுருங்கிவிடும், கருவியின் உடல் தரும் ஒத்ததிர்வும் இடம் மாறிவிடும். வயலின் பொம்மை வயலினாகக் கேட்கும். ஆகவே சில சுரங்களுக்கு ஒன்றாகவும், மென்மை, நடுமை, வன்மை என்ற ஒவ்வொரு அழுத்தத்துக்கும் ஒன்றாகவும் தனித்தனிப் பதிவுகள் தேவைப்பட்டன. நினைவகச் சில்லுகள் விலை உயர்ந்திருந்த அக்காலத்தில் ரோலண்ட் நிறுவனம் 1987-இல் வெளியிட்ட டி-50, ஸ்டும்ஃபும் ஷெஃபேரும் கண்டறிந்ததை நேரடியாகப் பயன்படுத்திக்கொண்டது: வில் தந்தியில் படுவதும் காற்று குழலில் நுழைவதுமான தொடக்கக் கணத்தை மட்டும் உண்மைப் பதிவாக வைத்து, அதைத் தொடரும் நீண்ட பகுதியை அலையியற்றியால் தொகுத்தது. அந்தச் சிறு பதிவைக் கேட்ட மாத்திரத்திலேயே செவி கருவியை அடையாளம் கண்டுகொண்டு, பின்வரும் செயற்கைப் பகுதியையும் அதன் தொடர்ச்சியாகவே ஏற்றுக்கொண்டது.

ராமன் மேற்கொண்ட வழி, அதாவது கருவியின் உடலிலிருந்து ஒலியைக் கணிக்கும் வழி, கணினியின் வேகம் பெருகிய பின்னரே கருவியாக முடிந்தது. ஸ்டான்ஃபோர்டின் கெவின் கார்ப்ளஸும் அலெக்ஸ் ஸ்டிராங்கும் 1983-இல் வெளியிட்ட முறை வியப்பூட்டும் எளிமை கொண்டது: ஒழுங்கற்ற எண்களால் நிரப்பிய ஒரு சுற்றுவரிசையைத் திரும்பத் திரும்பப் படித்து, ஒவ்வொரு சுற்றிலும் அடுத்தடுத்த இரு எண்களின் சராசரியை எழுதிக்கொண்டே போனால், உயர்ந்த மேற்சுரங்கள் விரைவாகவும் தாழ்ந்தவை மெதுவாகவும் அடங்கி, மீட்டப்பட்ட தந்தியின் ஒலி பிறக்கிறது, வரிசையின் நீளமே சுருதியை நிர்ணயிக்கிறது. இதை விரிவாக்கி, தந்தியிலும் குழலிலும் அலை சென்று திரும்புவதைக் கணக்கிடும் முறையை அதே பல்கலைக்கழகத்தின் ஜூலியஸ் ஸ்மித் வகுத்தார். அதன் அடிப்படையில் யமஹா 1994-இல் வெளியிட்ட விஎல்1, ஒரே நேரத்தில் இரண்டு சுரங்களை மட்டுமே ஒலிக்க வல்லது. ஆனால் வாயில் வைத்து ஊதும் கட்டுப்பாட்டியின் மூச்சு மாறினால், உண்மையான குழலைப்போலவே அதன் சுரம் திக்கும், பிளிறும், மேல்ஸ்தாயிக்குத் தாவும். 2016-இல் பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தம்புராத் தந்தி வளைந்த குதிரையிலும் ஜீவா நூலிலும் மோதி விலகுவதை உடனுக்குடன் கணக்கிட்டு ஒலிக்கச் செய்யும் மாதிரியை வெளியிட்டபோது, 1921-ஆம் ஆண்டின் கல்கத்தா ஆய்வுக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்துத் தொகுப்பு வடிவம் கிடைத்தது.

அதற்கு வெகுகாலம் முன்பே இசைக்கலைஞர்களின் அன்றாடத் தேவை வேறு வழிகளைக் கண்டிருந்தது. பெங்களூரில் பொறியாளரும் குழலிசைக் கலைஞருமான ஜி. ராஜ் நாராயண் 1979-இல் உருவாக்கிய மின்னணுச் சுருதிக் கருவியைத் தொடர்ந்து, மின்னணுத் தம்புராக்கள் கச்சேரி மேடைகளிலும் பாட்டு வகுப்புகளிலும் இடம்பிடித்தன. சுருதியை மாற்றாமல் ஒலிக்கும் பணிக்கு அவை பொருந்தின. மெலடியை வாசிக்க வந்த கீபோர்டுகளுக்கோ வேறொரு தடை நின்றது. 1983-இல் பல நிறுவனங்கள் சேர்ந்து வகுத்த மிடி என்ற பொதுமொழி, எந்தக் கட்டை, எப்போது, எவ்வளவு வலிவாக அழுத்தப்பட்டது என்பதைச் சொல்வதையே அடிப்படையாகக் கொண்டது. ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு வழுக்கிச் செல்லும் பாதையைச் சொல்ல அதில் முதன்மையாக இருந்தது சுருதியை வளைக்கும் ஒரு சக்கரம். அதுவும் ஒரு தடத்தில் ஒலிக்கும் எல்லாச் சுரங்களையும் ஒருசேர வளைத்தது. கமகமே சுரத்தின் இயல்பாக உள்ள இசையில், நாகஸ்வரத்தின் பண்பு அதன் மேற்சுரங்களில் மட்டும் இல்லை. சீவாளியின் மேல் உதட்டின் அழுத்தம் மாற மாற, சுருதியும் ஒளிர்வும் உரப்பும் சேர்ந்து மாறும் விதத்திலும் அது இருக்கிறது. நாகஸ்வரத்தின் ஒரு நிலைச்சுரத்தைப் பதிந்து கீபோர்டில் அடுக்கினால் ஆரபியோ தோடியோ பிடிபடாமல் போவதற்குக் காரணம் பதிவின் தரக்குறைவு அன்று. ரிஸே டிரம்பெட்டில் கண்ட உறவைப்போன்ற ஓர் உறவு நாகஸ்வரத்திலும் உண்டு. அது இன்னும் அத்தனை நுணுக்கமாக அளந்து கருவியாக்கப்படவில்லை.

2020-இல் ஏற்கப்பட்ட மிடியின் இரண்டாம் பதிப்பு, ஒவ்வொரு சுரத்தின் சுருதியையும் மற்ற சுரங்களிலிருந்து தனியே, முன்பைவிடப் பல மடங்கு நுண்மையாக வளைக்க இடம் தருகிறது. கமகத்தை எழுதிக் காட்டத் தேவையான மொழி இப்போது கையில் இருக்கிறது. அந்த மொழியில் எழுதவேண்டிய அளவீடுகளைத் தரக்கூடியவர்கள் தஞ்சை மாவட்டத்தின் நாகஸ்வரக் கலைஞர்களும், மிருதங்கத்துக்குக் கரணை இடும் கைவினைஞர்களும், அவர்களுக்கு அருகிலேயே இயங்கும் கல்லூரிகளின் இயற்பியல், கணினித் துறைகளும்தாம். இம்மூன்று தரப்பினரும் ஒரே அறையில் அமர்ந்து, ஒரு சீவாளியை ஊதும் முதல் கணத்திலிருந்து அது அடங்கும்வரை அளந்து பதிவு செய்யும் பணியை இனியும் தள்ளிப்போடாமல் தொடங்க வேண்டும்.